கருப்பட்டி பீர் ஏலம்

“மூணு தரம்!” என்று யூனிஸ் சொன்னபோது அவள் கையில் பாதி மடித்த தலையணை உறை ஒன்று இருந்தது. அதைக் கொண்டே மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் ஓர் அடி அடித்து ஏலத்தை முடித்துவைத்தாள். கிறிஸ்துமஸுக்குக் காய்ச்ச வேண்டியது கருப்பட்டி பீர் என்று முடிவாயிற்று. ஏலம் எடுத்தவர் அவளுடைய அண்ணன் வில்பிரட். தோற்றவர், வழக்கம்போல, அவள் கணவர் டெனிஸ்.

“பாட்டில் பூரா, டிரம்மு, டியூபு, அப்பால பாத்ரூம் தரை,” என்று வில்பிரட் தான் கேட்ட விலையை விரல்விட்டு எண்ணிக் காட்டினார். “நல்லாக் கேட்டுக்கோ மாப்ள. பேச்சு மாறமாட்டான் இந்த வில்பிரட்.”

“போன தடவை டிரம்மைக் கழுவுறேன்னு சொல்லிட்டு வெறும் தண்ணியக் காட்டி வெச்ச ஆளுதானே மச்சான் நீ?”

“தண்ணி காட்னா கழுவுன கணக்குதான். ஞானஸ்நானம் இன்னா, சோப்பு போட்டா குடுக்குறாங்க?”

“அண்ணா!” என்று யூனிஸ் அதட்டினாள். அதட்டிவிட்டுத் தலையணை உறையால் வாயை மூடிக்கொண்டாள்.

இருவரும் பீர் காய்ச்ச ஆரம்பித்தது, டெனிஸின் மகள் ஜெரூஷா கல்யாணமாகிப் பெங்களூருக்குப் போன வருடம். இரும்புலியூர் வீட்டின் மாடியில் அவளுடைய குளியலறை சும்மா கிடந்தது. பக்கத்து அறையில் வில்பிரட் இருந்தார். கல்யாணம் செய்துகொள்ளாதவர், தாம்பரம் ரயில்வே பணிமனையில் எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். கீழே டெனிஸ். அவர் இன்சூரன்ஸ் கம்பெனியில் பிறர் கேட்ட நஷ்டஈட்டைப் படித்துப் பார்த்து அதைக் குறைப்பதையே முப்பது வருடம் தொழிலாகச் செய்தவர். இப்படி இரண்டு ஆட்களை ஒரு காலிக் குளியலறைக்குப் பக்கத்தில் விட்டுவைப்பது நல்லதில்லை என்று யூனிஸுக்கு அப்போதே தோன்றியிருக்க வேண்டும்.

வீட்டில் பீர் காய்ச்சுவது சட்டப்படி சரியா என்று அவர்கள் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டதில்லை. பதில் தெரிந்திருந்ததுதான் காரணம். விற்பதில்லை, வெளியே கொடுப்பதில்லை. யாராவது மாடியில் என்ன வாசனை என்று கேட்டால் “கஷாயம்” என்பார்கள். டெனிஸைக் கேட்டால், கருப்பட்டி பீரைப் பொறுத்தவரை அது பொய்கூட இல்லை.

ஜெரூஷா பெங்களூரிலிருந்து மால்ட் அனுப்புவாள். முளைகட்டிக் காயவைத்த பார்லிதான் அது. கூடவே கசப்புக்கு ஹாப்ஸ் பூ, ஈஸ்ட், ஒரு தடிமனான ஆங்கிலப் புத்தகம். எந்தப் பருவத்தில் எந்த பீர் காய்ச்ச வேண்டும் என்று அந்தப் புத்தகம் விவரமாகச் சொல்லியிருந்தது. இலை உதிரும்போது ஒன்று, பனி உருகும்போது ஒன்று. இரும்புலியூரில் இலை எல்லா நாளும் உதிர்கிறது, உருகுவதற்குத் தார் ரோட்டைத் தவிர எதுவும் இல்லை. ஆகவே இரண்டு பேரும் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுத் தங்களுக்கென்று ஒரு பருவக் கணக்கு வகுத்துக்கொண்டார்கள்.

தையும் மாசியும்தான் பீருக்கு நல்ல காலம், டிரம் தானாகவே குளிர்ந்து கிடக்கும். அப்போது கோதுமை பீர். அது நொதித்துத் தயாராவதற்குள் தவக்காலம் வந்துவிடும். பாட்டில்கள் ஈஸ்டர்வரை கட்டிலுக்கடியில் காத்துக்கிடக்கும். அந்த நாற்பது நாளில் அடுத்த டிரம்மைத் தொடலாமா என்று டெனிஸுக்கு ஒரு வருடம் சந்தேகம் வந்தது. வில்பிரட் தீர்ப்புச் சொன்னார்: “குடிக்கத்தான் கூடாது. காய்ச்சக் கூடாதுன்னு எந்த வசனத்துல கீது?” கத்திரி வெயிலில் இஞ்சி பீர். ஆடிக் காற்றில் கேழ்வரகு. ஐப்பசியில் மழை இறங்கி வீடு குளிர்ந்ததும் கிறிஸ்துமஸுக்கானது.

கணக்கு சரிதான். நடைமுறையில் ஒரு மே மாதம் மின்சாரம் போய், டிரம்மைச் சுற்றி வைத்த ஐஸ் பாட்டில்கள் வெந்நீராகி, பீர் பூராவும் கனிந்த வாழைப்பழ வாசனை அடித்தது. வில்பிரட் அதற்கு ‘பச்சநாடன்’ என்று பெயர் வைத்தார். பெயர் வைத்துவிட்டதால் குடித்தாக வேண்டியிருந்தது. அதையே வேறு யாராவது காசு வாங்கிக்கொண்டு கொடுத்திருந்தால் டெனிஸ் நுகர்வோர் நீதிமன்றம்வரை போயிருப்பார்.

ஏலம் என்பது கிறிஸ்துமஸ் பீருக்காக வந்த ஏற்பாடு. டெனிஸுக்கு வெளிறிய, தெளிந்த, லேசான பீர் வேண்டும். வில்பிரட்டுக்குக் கறுப்பு பீர் வேண்டும். பார்லியை இரும்புச் சட்டியில் போட்டுக் கருகக் கருக வறுத்து, உடன்குடிக் கருப்பட்டியை உடைத்துப் போட்டு, சுக்கும் தட்டிப் போட்டுக் காய்ச்சியது. இருப்பதோ ஒரே டிரம். இரண்டு வருடம் சண்டை போட்டார்கள். மூன்றாம் வருடம் சபையின் அறுப்பின் பண்டிகை முடிந்து வரும் வழியில் யூனிஸ்தான் சொன்னாள்: “பேசாம ஏலம் விட்டுக்குங்க.”

அறுப்பின் பண்டிகையில் சபையார் கொண்டுவந்து படைக்கும் பூசணியும் சேவலும் முட்டையும் ஏலம் போகும். எடுத்தவர் மனம் வந்தால் பொருளைத் திருப்பிப் படைத்துவிடுவார், அது மறுபடியும் ஏலத்துக்கு வரும். அப்படி ஒரே முட்டை ஒரு மணி நேரம் சுற்றிவருவதும் உண்டு. வீட்டு ஏலத்தில் பணம் கிடையாது. பீர் காய்ச்சுவதில் சுகமான வேலை காய்ச்சுவது மட்டும்தான், மீதியெல்லாம் கழுவுவது. ஆகவே விலை, கழுவும் வேலை. யார் அதிகம் கழுவ ஒப்புக்கொள்கிறாரோ அவர் சொல்லும் பீர். பாட்டிலில் ஆரம்பிக்கும் ஏலம் டிரம்முக்குப் போய், டியூபுக்குப் போய், குளியலறைத் தரைக்கு வந்ததும் டெனிஸ் தன் முட்டியைத் தடவிக்கொள்வார். ஒவ்வொரு வருடமும் அவருடைய முட்டிதான் தோற்றது. தோற்றபின் வில்பிரட் கழுவுகிற லட்சணத்தைப் பார்த்து, மைத்துனர் மதியம் தூங்கும்போது மாடியேறி, எல்லாவற்றையும் டெனிஸே மறுபடி கழுவுவார். பீரையும் விட்டுக்கொடுத்து, கழுவுவதையும் தானே செய்யும் ஆளுக்கு என்ன பெயர் என்று அவர் யோசித்ததுண்டு. நாகரிகமான பெயர் ஒன்றும் கிடைக்கவில்லை.

கருப்பட்டி பீர் மோசம் என்பதற்கு டெனிஸிடம் ஒரு சாட்சியும் இருந்தது. எதிர்வீட்டுச் சிட்டிபாபுவின் மாடு. சிட்டிபாபு அந்த ஊர்க்காரர். வயலாக இருந்த இடமெல்லாம் வாடகை வீடாகிவிட்ட பிறகும் ஒரு மாட்டை விடாமல் வைத்திருந்தார். காய்ச்சி வடித்த பார்லிச் சக்கை அதற்குத்தான் போகும். கோதுமைச் சக்கையை நக்கித் தின்னும், கேழ்வரகுக்குச் சட்டியையே முட்டும். கருப்பட்டி பீரின் கருகிய சக்கையை மட்டும் முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

“மாடே தொடமாட்டேங்குது மச்சான்.”

“மாடு சைவம் மாப்ள. அதுக்கு இன்னா தெரியும்?”

ஏலம் முடிந்த மறுநாள் வெள்ளிக்கிழமை. வில்பிரட் பாட்டில் வாங்கப் பல்லாவரம் சந்தைக்குப் போனார். பழைய சாமான் பரப்பியிருக்கும் வரிசையில் தடித்த கண்ணாடி பாட்டில்கள் கிடைக்கும். வாங்கிக்கொண்டு ரயில் நிலையத்துக்கு வந்து, படியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. யாரோ அவருடைய போனிலிருந்தே டெனிஸைக் கூப்பிட்டார்கள். டெனிஸ் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது கையெழுத்துப் போடுகிற வேலை மட்டும் மீதி இருந்தது.

ஒரு மூக்குக்கண்ணாடி, ஒரு போன் கொடுத்தார்கள். அவர் வாசலுக்கு வந்ததும் ஒரு நர்ஸ் பின்னாலேயே ஓடிவந்து, “சார், இந்த மூட்டையும் உங்களதுதான்,” என்று ஒரு சாக்கைக் கொடுத்தாள். ஆம்புலன்ஸில் வில்பிரட்டின் தலைமாட்டில் உட்கார்ந்து, காலுக்கிடையில் சாக்கை இடுக்கிக்கொண்டு டெனிஸ் ஜி.எஸ்.டி. ரோட்டில் வந்தார். ஒவ்வொரு வேகத்தடையிலும் பாட்டில்கள் கலகலவென்று பேசின. வீட்டு வாசலில் சபை ஆயரும் பெண்கள் ஐக்கியமும் காத்திருந்தார்கள். பாட்டு ஆரம்பிக்கிற நேரம் பார்த்து, துக்க வீட்டுக்காரர் பீருக்கென்று வாங்கிய ஒரு மூட்டை காலி பாட்டிலோடு இறங்கினார். எங்கே வைப்பதென்று தெரியாமல் அதைச் சுமந்துகொண்டு கூட்டத்தின் நடுவே நின்ற தன் கோலத்தைப் பிற்பாடு நினைக்கும்போதெல்லாம், இதை மச்சானிடம் சொன்னால் எப்படிச் சிரிப்பான் என்றுதான் அவருக்கு முதலில் தோன்றும். அது தோன்றிய பிறகுதான் மற்றது ஞாபகம் வரும்.

சாக்கு மாடிப்படிக்கு அடியில் போயிற்று. அடக்க ஆராதனை முடிந்தது, தீபாவளி வந்து போயிற்று, மழை இறங்கியது. மாடிக் குளியலறையை யாரும் திறக்கவில்லை.

முதலில் விசாரித்தது சிட்டிபாபுதான். “தப்பா நெனச்சிக்காத சார். அடுத்த தபா எப்போன்னு மாடு கேக்குது.” பிறகு ஜெரூஷா போன் செய்தாள். “அப்பா, நான் அனுப்பின மால்ட் இன்னும் இருக்குல்ல? மழையில பூசணம் பிடிச்சிடும். ஏதாவது ஒண்ணு பண்ணிடுங்க. இல்லேன்னா மாட்டுக்காவது போட்டுடுங்க.”

டெனிஸ் நாட்காட்டியைப் பார்த்தார். நொதிக்க இரண்டு வாரம், பாட்டிலில் கிடக்க இன்னும் மூன்று வாரம். இந்த வாரம் காய்ச்சினால் கிறிஸ்துமஸுக்கு உண்டு, இல்லாவிட்டால் இல்லை. என்ன காய்ச்சுவது?

அந்தக் கேள்வி மனதில் வந்ததும் அவருக்குள் ஏதோ ஒன்று எழுந்து உட்கார்ந்தது. வெளிறிய பீர். எட்டு வருடமாகக் காய்ச்ச முடியாமல் போன, தெளிந்த, பொன்னிறமான பீர். எதிர்த்துக் கேட்க ஆள் இல்லை. இந்த நினைப்பு ஒரு நிமிடம் சந்தோஷமாக இருந்தது. பிறகு அந்த ஒரு நிமிடத்துக்காக அவர் ஒரு முழு நாள் வெட்கப்பட்டார். வெட்கப்பட்டு முடிந்ததும், வெளிறிய பீருக்கு எவ்வளவு ஹாப்ஸ் போடுவது என்று யோசிக்க ஆரம்பித்தார். அவர் அப்படிப்பட்ட ஆள்தான்.

ஆனால் ஏலம் என்று ஒன்று நடந்திருக்கிறதே. அதை என்ன செய்வது? டெனிஸ் தன் தொழில் மூளையைத் தட்டி எழுப்பினார். எடுத்தவர் விலையைக் கட்டவில்லை, ஒரு பாட்டில்கூடக் கழுவவில்லை. ஆகவே ஏலம் ரத்து. அல்லது, எடுத்தவர் பொருளைத் திருப்பிப் படைத்துவிட்டதாகக் கொள்ளலாம், ஆகவே மறு ஏலம். இரண்டு வாதமும் நன்றாகவே இருந்தன. இடித்த ஒரே விஷயம், அவர் வேலை பார்த்த இன்சூரன்ஸ் துறையில் ஆள் போன பிறகுதான் அந்த ஆளுடைய கோரிக்கையே செல்லுபடியாகும்.

அன்று மாலை மழை சற்று விட்டிருந்தது. யூனிஸ் கொடியிலிருந்து காய்ந்ததும் காயாததுமாகத் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். டெனிஸ் மாடியேறி வந்து கைப்பிடிச் சுவரருகே நின்றார்.

“ஏலம் விடறியா?”

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. “எதை?”

“கிறிஸ்துமஸ் பீரை.”

“அது அண்ணன் எடுத்ததாச்சே.”

“திருப்பிப் படைச்சதா எடுத்துக்கலாம்னு...” வாக்கியம் வாயிலிருந்து வரும்போதே அது எவ்வளவு கேவலமாக இருக்கிறதென்று அவருக்குக் கேட்டது. ஆனாலும் முடித்தார். “சபையில அப்படி ஒரு வழக்கம் இருக்கில்ல.”

யூனிஸ் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு ஒரு துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, சரி என்பது போலத் தலையாட்டினாள். “கேளுங்க.”

“வெளிறிய பீர். பாட்டில் எல்லாம் நான் கழுவுறேன்.”

“பாட்டில் எல்லாம், ஒரு தரம்,” என்றாள்.

எதிர்த்துக் கேட்க வேண்டிய இடத்திலிருந்து ஒன்றும் வரவில்லை. வில்பிரட் வழக்கமாக உட்காரும் தண்ணீர்த் தொட்டித் திட்டு ஈரமாக இருந்தது. தூரத்தில் மின்சார ரயில் ஒன்று போயிற்று. டெனிஸுக்குப் பொறுக்கவில்லை.

“பாட்டிலும், டிரம்மும்,” என்றார்.

“உங்களை எதிர்த்து நீங்களே கேப்பீங்களா?”

“சும்மா ஒரு மரியாதைக்கு.”

“பாட்டிலும் டிரம்மும், ரெண்டு தரம்.”

“டியூபும்.” அவர் குரல் கொஞ்சம் ஏறியது. “டியூபும் கழுவுறேன்.”

“ஏங்க, யாருமே கேக்கலையே. எதுக்கு ஏத்திகினே போறீங்க?” அண்ணனுடைய பேச்சு அவள் வாயில் வந்து விழுந்தது. இருவருமே அதைக் கேட்டார்கள்.

மூன்றாம் தரத்தை அவள் சொல்லிவிட்டால் பீர் டெனிஸுடையது. எட்டு வருடம் ஏங்கியது. சொல்லிவிடக் கூடாதே என்று அவருக்குப் பயமாக இருந்தது. தோற்பதில் அவருக்கு நல்ல பழக்கம் உண்டு, ஜெயித்தால் முகத்தை எப்படி வைத்துக்கொள்வதென்றே தெரியாது.

யூனிஸ் துண்டைத் தோளிலிருந்து எடுத்தாள். “கருப்பட்டி பீர்,” என்றாள். “பாட்டில், டிரம், டியூப், பாத்ரூம் தரை. நான் கேக்கிறேன்.”

“நீ ஏலம் விடறவ. நீ கேக்கக் கூடாது.”

“கேக்கக் கூடாதுன்னு எந்த வசனத்துல இருக்கு?”

டெனிஸ் முட்டியைத் தடவவே செய்யாமல், “தரைக்கு மேல என்ன இருக்கு கேக்க?” என்றார்.

“ஒண்ணும் இல்ல.”

“அப்ப சொல்லிடு.”

“நீங்க சொல்லுங்க. இப்ப நான்தானே எடுக்கிறவ.”

“மூணு தரம்,” என்றார் டெனிஸ். துண்டை வாங்கிச் சுவரில் அடித்தார். ஈரத் துண்டாகையால் சத்தம் பெரிதாகவே வந்தது.

சாக்கை அன்றே மாடிக்குக் கொண்டுவந்து குளியலறையில் கொட்டினார்கள். யூனிஸ் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். பீர் பாட்டில்கள் நாலைந்து. மிச்சமெல்லாம் திருகு மூடி போடும் ரோஜா சர்பத் பாட்டில்கள். பீருக்கு அடிக்கும் தகர மூடி அவற்றின் வாயில் நிற்கவே நிற்காது.

“அவன் கண்ணாடி போட்டுப் பார்த்தே வாங்கமாட்டான்,” என்றார் டெனிஸ். “பையிலேயே வெச்சிருப்பான். போன வருஷம் வினிகர் பாட்டில்.”

யூனிஸ் சிரித்தாள். சிரித்துக்கொண்டே குளியலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பு வேறொன்றாக மாறி முடியும்வரை டெனிஸ் குழாயைத் திறந்துவிட்டு, ஒரு சர்பத் பாட்டிலைத் தேவைக்கு அதிகமாகத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“அதை எதுக்குக் கழுவுறீங்க? அதுல ஊத்தப்போறதில்லையே.”

“பாட்டில் எல்லாம்னு சொன்னோமே.”

“சொன்னது நான்.”

“நீ கழுவினதை எப்படியும் நான் மறுபடி கழுவணும். குடும்ப வழக்கம் எனக்குத் தெரியும்,” என்று சொல்லி அவரும் தரையில் உட்கார்ந்தார். முட்டி வலித்தது. உண்மையாகவே வலித்தது. இத்தனை வருடமாக அதைப் பொய்க் காரணம் என்றுதான் அவரே நினைத்திருந்தார்.

சனிக்கிழமை பார்லி வறுத்தார்கள். இரும்புச் சட்டியில் பார்லி பொன்னிறமாகி, காப்பிக்கொட்டை நிறத்துக்கு வந்தபோது, “போதும், இறக்கு,” என்றார் டெனிஸ். எட்டு வருடமாக அவர் சொல்லி யாரும் கேட்காத வார்த்தை. அந்த நிறத்தில் இறக்கினால் கருப்பட்டி பீர்கூடக் குடிக்கிற மாதிரி இருக்கும் என்பது அவருடைய நெடுநாள் கட்சி.

“அண்ணன் இன்னும் விடுவாரு,” என்றாள் யூனிஸ்.

“விடுவான். கருகும்.”

“ஆமா.”

அவள் கரண்டியை நிறுத்தாமல் அவர் முகத்தைப் பார்த்தாள். சட்டியை இறக்க டெனிஸின் கையில் துணி தயாராக இருந்தது. துணியை மடித்தார், இன்னொரு மடிப்பு மடித்தார், தோளில் போட்டுக்கொண்டார்.

“விடு,” என்றார்.

பார்லி கறுத்தது. புகை சமையலறையை நிறைத்து, ஜன்னல் வழியாகத் தெருவுக்குப் போயிற்று. எதிரிலிருந்து சிட்டிபாபுவின் குரல் வந்தது: “இன்னா சார், வூடு பத்திகிச்சா?”

“கஷாயம்!” என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

மால்ட்டையும் கருகிய பார்லியையும் வெந்நீரில் ஊறவைத்து வடித்து, கருப்பட்டியும் சுக்கும் போட்டுக் கொதிக்கவைத்து ஆறவைத்து, ஈஸ்ட் தூவி டிரம்மை மூடியபோது சாயங்காலமாகிவிட்டது. மூடுவதற்கு முன் டெனிஸ் ஒரு கரண்டி எடுத்து ருசி பார்த்தார். முகத்தைச் சுளித்தார். யூனிஸும் ருசி பார்த்து, “இதுக்கா இவ்வளவு வருஷம் சண்டை போட்டீங்க?” என்றாள். தை மாதம் கோதுமை பீர்தான் என்பதில் சந்தேகமில்லை. கத்திரிக்கு இஞ்சி. ஆடிக்குக் கேழ்வரகை விட்டுவிட்டு வெளிறியதைப் போட்டுப் பார்க்கலாமா என்று டெனிஸ் கேட்டார். அதை ஆடியில் பேசிக்கொள்ளலாம், கழுவ வேண்டிய சாமானும் அப்போது இருக்கும் என்றாள் அவள்.

சக்கையைத் தகரச் சட்டியில் அள்ளிக்கொண்டு டெனிஸ் தெருவைத் தாண்டினார். சிட்டிபாபு மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். “ரொம்ப நாளா காத்துகினு கீது சார், பாவம்.” டெனிஸ் சட்டியைக் கீழே வைத்தார். மாடு ஆவலாகத் தலையைத் தாழ்த்தி, சட்டிக்குள் மூக்கை விட்டு முகர்ந்தது. பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டது.